வைஃபை வேலை செய்யவில்லையா? வரிசையாகத் தேடுவோம்!

(இரண்டாம் ஆண்டு மாணவி, மின்னணுவியல் மற்றும் தொடர்பியல் துறை)



இன்று நம்மில் பலர் வீட்டில் ஒரு கம்ப்யூட்டர் இருக்கிறது. பழைய விலைக்கு வாங்கிய டெஸ்க்டாப்பாக இருக்கலாம், அரசு தந்த லேப்டாப்பாக இருக்கலாம். எதுவானாலும் இன்டர்நெட் இல்லாவிட்டால் அது பாதி உயிர்தான். ஸ்காலர்ஷிப் விண்ணப்பம், தேர்வு முடிவு, வேலை அறிவிப்பு எல்லாம் அதன் வழியாகத்தான் வருகின்றன. கடைசித் தேதி அன்று வைஃபை நின்றுபோனால் வீடே பதறிப் போகிறது!

உடனே என்ன செய்கிறோம்? ரவுட்டரை ஆஃப் செய்து ஆன் செய்கிறோம். அதற்கும் சரியாகவில்லை என்றால் மெக்கானிக்கைக் கூப்பிடுகிறோம். அவர் வந்து பார்த்தாலே 300, 400 ரூபாய். எங்கள் வீட்டில் அது அம்மாவின் ஒரு நாள் கூலி. ஆகவே கூப்பிடுவதற்கு முன் நாமே செய்யக்கூடிய சோதனைகளை இங்கே எழுதுகிறேன்.

வைஃபை வேறு, இன்டர்நெட் வேறு

முதலில் இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். திரையில் தெரியும் வைஃபை கோடுகள் ரவுட்டருக்கும் கம்ப்யூட்டருக்கும் இடையே உள்ள தொடர்பை மட்டும்தான் காட்டும். ரவுட்டருக்கு வெளியே லைன் அறுந்து கிடந்தாலும் கோடுகள் முழுசாகவே இருக்கும். வீட்டுக் குழாய் புதுசுதான், ஆனால் தெரு மெயினில் தண்ணீர் விடவில்லை என்றால் என்ன வரும்? காற்றுதான் வரும்!

லேபில் ஆம்ப்ளிஃபையர் சர்க்யூட்டில் அவுட்புட் வராவிட்டால், எடுத்தவுடன் டிரான்சிஸ்டரைக் கழற்றுவதில்லை. சப்ளை இருக்கிறதா, இன்புட் வருகிறதா, எந்த ஸ்டேஜ் வரை சிக்னல் போகிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கிறோம். இங்கேயும் அதே முறைதான். நோயை அறிந்து, காரணத்தை அறிந்து, அதன் பிறகே மருந்து என்று வள்ளுவர் வைத்தியருக்குச் சொன்னது நமக்கும் பொருந்தும்.

முதல் சோதனை: செல்போன்

போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு அதே வைஃபையில் சேருங்கள். போனில் இன்டர்நெட் வந்தால் லைனும் ரவுட்டரும் நன்றாக இருக்கின்றன. கோளாறு பெரும்பாலும் கம்ப்யூட்டர் பக்கம். போனிலும் வராவிட்டால் கம்ப்யூட்டரைத் தொடவே வேண்டாம். கோளாறு ரவுட்டரில் அல்லது அதற்கு வெளியே. செலவே இல்லாத இந்த ஒரு சோதனையில் பாதி வேலை முடிந்தது!

இரண்டாவது: ரவுட்டர் விளக்குகள்

ஃபைபர் இணைப்பு உள்ள பெட்டியில் பி.ஓ.என்., எல்.ஓ.எஸ். என்று இரண்டு விளக்குகள் இருக்கும். எல்.ஓ.எஸ். சிவப்பாக எரிந்தால் ஃபைபர் வழியாக ஒளி வந்து சேரவில்லை என்று அர்த்தம். எலி கடித்திருக்கலாம், லாரி இழுத்திருக்கலாம், ஒயரை மடக்கிக் கட்டியதால்கூட ஒளி கசிந்து போகும். இதை நிறுவனத்து ஆட்கள்தான் சரிசெய்ய வேண்டும். ஃபைபர் முனையைக் கழற்றிக் கண் அருகே வைத்துப் பார்க்கக் கூடாது. அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்பு லேசர் ஒளி.

பி.ஓ.என். பச்சையாக நிலைத்து எரிந்தால் ஒளி சரியாக வருகிறது. அப்படியும் நெட் இல்லையென்றால் மாதக் கட்டணம் கட்டியாச்சா என்று ஒருதரம் பாருங்கள். கரண்ட் போய் வந்தால் இரண்டு மூன்று நிமிடம் பொறுத்திருங்கள். பெட்டி பதிவாகி எழுந்து வர நேரம் பிடிக்கும்.

மூன்றாவது: காற்றில் என்ன தடை?

வைஃபைக்கான 802.11 தரத்தை ஐ.ஈ.ஈ.ஈ. அமைப்பு 1997-ல் வெளியிட்டது. இன்று வீடுகளில் பெரும்பாலும் 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகள் பயன்படுகின்றன. ஒளியின் வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் முதலாவதன் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், இரண்டாவது 6 சென்டிமீட்டர். 5 கிகாஹெர்ட்ஸ் வேகமானது, ஆனால் சுவரைத் தாண்டும்போது அதிகம் பலவீனமாகும். பழைய கம்ப்யூட்டர்கள் சிலவற்றில் 2.4 மட்டுமே உண்டு. அவற்றில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபையின் பெயரே தெரியாது. அதற்காகக் கம்ப்யூட்டர் பழுது என்று நினைக்க வேண்டாம்.

இரும்பு பீரோவுக்குப் பின்னால், பரண் மேல் மூலையில் ரவுட்டரை ஒளித்து வைக்காதீர்கள். வீட்டின் நடுவில், உயரத்தில், திறந்த இடத்தில் வையுங்கள். மைக்ரோவேவ் அடுப்பும் புளூடூத்தும் 2.4-லேயே இயங்குவதால் இடைஞ்சல் தரும். பக்கத்து வீடுகளில் நிறைய வைஃபை இருந்தால் ரவுட்டரில் 1, 6, 11 ஆகிய சேனல்களில் ஒன்றை வையுங்கள். இவை மூன்றும் ஒன்றன்மேல் ஒன்று ஏறாதவை.

டெஸ்க்டாப்பில் சின்ன யு.எஸ்.பி. வைஃபை அடாப்டர் போட்டிருப்போம். அதைப் பின்பக்கம் செருகினால் இரும்பு கேபினட்டே சிக்னலை மறைக்கும். யு.எஸ்.பி. 3.0 போர்ட்டுகள் 2.4 கிகாஹெர்ட்ஸில் இரைச்சல் உண்டாக்கும் என்று இன்டெல் நிறுவனமே 2012-ல் அறிக்கை வெளியிட்டது. ஒரு எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு அடாப்டரைத் தள்ளி மேசைமேல் வையுங்கள், போதும்.

நான்காவது: கம்ப்யூட்டருக்குள்

ஏரோபிளேன் மோடு ஆஃபில் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'ஐபிகான்ஃபிக்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்யுங்கள். ஐ.பி. எண் 169.254 என்று தொடங்கினால், ரவுட்டர் எண் கொடுக்கவில்லை, கம்ப்யூட்டர் தானே ஒன்றை வைத்துக்கொண்டது என்று பொருள். அந்த வைஃபையை நீக்கிவிட்டு பாஸ்வேர்டு போட்டு மறுபடி சேருங்கள்.

எண் சரியாக இருந்தால் 'பிங்' கட்டளை. அதே திரையில் டீஃபால்ட் கேட்வே என்று காட்டும் எண்ணுக்கு முதலில் பிங் கொடுங்கள். பல வீடுகளில் அது 192.168.1.1. பதில் வந்தால் ரவுட்டர் வரை பாதை சரி. அடுத்து 8.8.8.8. அதற்கும் பதில் வந்தால் வெளியுலகம் வரை பாதை சரி. இரண்டும் சரியாக இருந்தும், பெயரை டைப் செய்தால் எந்த இணையதளமும் வரவில்லை என்றால், பெரும்பாலும் பெயரை எண்ணாக மாற்றும் டி.என்.எஸ். வேலையில் கோளாறு. டி.என்.எஸ். முகவரியை 8.8.8.8 என்று மாற்றிப் பாருங்கள்.

ஐந்தாவது: தேதியைப் பாருங்கள்!

எங்கள் தெருவில் ஒரு அக்கா. மகளுக்குக் கவுன்சிலிங் பதிவு செய்ய இரண்டே நாள் பாக்கி. கம்ப்யூட்டரில் எந்தப் பக்கமும் திறக்கவில்லை. வந்து பார்த்தவர், "ரவுட்டர் போச்சு, புதுசு வாங்கணும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அக்கா என்னிடம் வந்து, "பாப்பா, நீ இதுக்குத்தானே படிக்கிற, கொஞ்சம் வந்து பாரேன்" என்றார். அவர் போனில் அதே வைஃபை நன்றாக ஓடியது. அப்படியானால் ரவுட்டர் எப்படிப் போயிருக்கும்?

கம்ப்யூட்டரின் மூலையில் தேதி பல வருடம் பின்னால் இருந்தது. மதர்போர்டில் உள்ள சி.ஆர். 2032 என்ற 3 வோல்ட் பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வரும்போது கடிகாரம் பழைய தேதிக்குப் போய்விடும். இணையதளங்களின் பாதுகாப்புச் சான்றிதழ்களுக்கு ஆரம்பத் தேதியும் முடிவுத் தேதியும் உண்டு. தேதி தவறானால் பிரவுசர் அவற்றை ஏற்காது. தேதியைத் திருத்தினேன், பக்கம் திறந்தது, அன்று மாலையே பதிவும் முடிந்தது. அடுத்த நாள் அந்த பேட்டரியை மாற்றினோம், அவ்வளவுதான்.

கடிகாரம் தவறு என்று திரையிலேயே எழுதியிருந்தது, நண்பர்களே! ஆங்கிலத்தில் இருந்ததால் அந்த வீட்டில் யாரும் அதைப் படிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். எங்கள் வீட்டிலும் நான் இல்லாத நேரம் அதே நிலைதான்.

ஆகவே ஒரு வேண்டுகோள். இந்த ஐந்து சோதனைகளையும் உங்கள் வீட்டிலும் தெருவிலும் நல்ல தமிழில் சொல்லிக் கொடுங்கள். நிறுவனத்துக்குப் போன் செய்யும்போது "நெட் வரலை" என்று மட்டும் சொல்லாமல், "எல்.ஓ.எஸ். சிவப்பா எரியுது" என்று சொல்லச் சொல்லுங்கள். நம்மில் சிலர் நாளை இந்தப் பழுதுபார்க்கும் வேலைக்கே போவோம். அப்போதும் காரணத்தைக் கண்டுபிடித்து, அதை வீட்டுக்காரருக்குப் புரிய வைத்த பிறகே காசு கேட்போம்!