நெல்லிவாசல்நாட்டுக்கு எது முதல் நோய்?

சென்னை தேனாம்பேட்டையில் இருக்கும் பொது சுகாதாரத் துறை இயக்ககத்திலிருந்து கிளம்பும் ஒரு சுற்றறிக்கை, மாவட்டம், வட்டாரம், ஆரம்ப சுகாதார நிலையம் என்று படிப்படியாக இறங்கி, கடைசியில் ஒரு கிராம சுகாதார செவிலியரின் கைப்பைக்கு வந்து சேரும். நெல்லிவாசல்நாட்டுக்கு மட்டும் அது இறங்கினால் போதாது. மலை ஏறவும் வேண்டும்.

2019 நவம்பர் 28 அன்று வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது திருப்பத்தூர் மாவட்டத்தின் பங்காக வந்த ஜவ்வாது மலைப்பகுதியில் புதூர்நாடு, புங்கம்பட்டுநாடு, நெல்லிவாசல்நாடு என்று மூன்று ஊராட்சிகள் இருக்கின்றன. மூன்றும் சேர்ந்து முப்பதுக்கும் மேற்பட்ட மலைக் கிராமங்கள். மக்களில் பெரும்பாலோர் மலையாளிப் பழங்குடியினர். சாமை விதைப்பார்கள், புளி உலுக்குவார்கள், தேன் எடுப்பார்கள். மலையில் வேலை இல்லாத மாதங்களில் கீழே இறங்கி வெளியூர்க் கூலிக்குப் போவார்கள். அரசு மருத்துவம் என்றால் புதூர்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையம். அதற்கு மேல் தேவைப்பட்டால் திருப்பத்தூர் அரசு மருத்துவமனை.

துறையின் முன்னுரிமைப் பட்டியலில் சர்க்கரை, இரத்தக் கொதிப்பு, டெங்கு, காசநோய், தாய்சேய் நலம் எல்லாம் இருக்கின்றன. எதுவும் தேவையற்றதல்ல. ஆனால் மலையில் அதே பட்டியலை வேறு வரிசையில் அடுக்க வேண்டியிருக்கிறது.

காலடி மண்ணில் ஒரு புழு

வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரி ஆய்வாளர்கள் ஜவ்வாது மலைக் கிராமங்களில் மலப் பரிசோதனை செய்து, முடிவுகளை 2013இல் வெளியிட்டார்கள். சோதிக்கப்பட்டவர்களில் 39 விழுக்காட்டினருக்கு மண்வழிப் பரவும் குடற்புழு இருந்தது. ஏறக்குறைய அத்தனையும் ஒரே வகை: கொக்கிப்புழு.

இதன் பிழைப்பு எளிமையானது. புழு உள்ளவர் திறந்த வெளியில் மலம் கழித்தால் முட்டைகள் மண்ணில் விழும். நிழலும் ஈரமும் உள்ள மண்ணில் அவை பொரித்துக் குஞ்சுப்புழுவாகும். வெறுங்காலோடு அந்த வழியே நடப்பவரின் பாதத் தோலைத் துளைத்து உள்ளே போகும். இரத்தத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டு, சிறுகுடலில் போய்க் கொக்கி மாட்டிக்கொள்ளும். அங்கிருந்து இரத்தம் குடிக்கும். ஒரு நாளில் போகும் இரத்தம் மிகக் கொஞ்சம்தான். ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் ஆண்டுக்கணக்கில் குடித்தால் உடம்பின் இரும்புச்சத்து கரைந்துவிடும். வலி இல்லை, காய்ச்சல் இல்லை. மேடேறும்போது மூச்சு வாங்கும், அவ்வளவுதான். அதை யார் நோய் என்று நினைப்பார்கள்? வயசாகிவிட்டது என்றோ வேலை அதிகம் என்றோ சொல்லிக்கொள்வார்கள்.

2015இலிருந்து பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய தேதிகளை ஒட்டி தேசியக் குடற்புழு நீக்க நாள் நடக்கிறது. பள்ளியிலும் அங்கன்வாடியிலும் 1 வயது முதல் 19 வயது வரை அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கிறார்கள். இரண்டு வயதுக்கு உட்பட்டவர்களுக்கு 200 மில்லிகிராம், மற்றவர்களுக்கு 400. தமிழ்நாட்டில் 20 முதல் 30 வயது வரையிலான, கர்ப்பமாகவோ பாலூட்டிக்கொண்டோ இல்லாத பெண்களையும் சேர்த்துக்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஏற்பாடு. உருளைப்புழுவுக்கு இதுவே பெரும்பாலும் போதும், ஏனென்றால் அது குழந்தைகளிடம்தான் அதிகம்.

கொக்கிப்புழுவோ பெரியவர்களிடம் குடியிருப்பது. கொல்லையில் வெறுங்காலோடு களை பறிக்கும் நாற்பது வயதுக்காரரை எந்தப் பள்ளிக்கூட மாத்திரையும் எட்டாது. மகனுக்குப் புழு போய்விடும். அப்பாவிடம் இருக்கும் புழு முட்டையிட்டுக்கொண்டே இருக்கும். மழை பெய்ததும் மகனுக்குத் திரும்ப வந்துவிடும்.

இந்த ஓட்டையை அடைக்க முடியுமா என்று பார்க்கத்தான் ‘டிவார்ம்3’ என்ற பன்னாட்டு ஆய்வு நடந்தது. ஆப்பிரிக்காவில் பெனின், மலாவி, இந்தியாவில் தமிழ்நாடு. இங்கே தேர்ந்தெடுத்த இரண்டு பகுதிகள் திமிரியும் ஜவ்வாது மலையும். ஆய்வுக் கிராமங்களில் பாதிக்கு வழக்கமான பள்ளி மாத்திரை. மறுபாதியில் பெரியவர், சிறியவர் பாராமல் ஆண்டுக்கு இருமுறை என்று மூன்று ஆண்டுகள் வீடுவீடாக மாத்திரை. உலகச் சுகாதாரக் கொள்கை வகுப்பவர்கள் விடை தேடிய கேள்விக்கு நெல்லிவாசல்நாட்டின் அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் மலக்குப்பி கொடுத்து உதவியிருக்கிறார்கள். இந்த மலைக்கு அந்தப் பெருமை சொல்லப்பட வேண்டும்.

மாத்திரை பாதி வேலைதான். கழிப்பறை கட்டினால் போதாது, அதற்குத் தண்ணீர் வேண்டும். காலுக்குச் செருப்பு வேண்டும். தெருவில் நடக்கும்போது மட்டுமல்ல, கொல்லையிலும்.

வெளுத்த கண்ணிமை

தேசியக் குடும்பநல ஆய்வின்படி (2019–21) தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையிலான பெண்களில் 53.4 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை. அதே ஆய்வில் மருத்துவமனைப் பிரசவம் 99.6 விழுக்காடு. இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் துறையின் வெற்றியும் தோல்வியும் ஒன்றாகத் தெரியும். தாயைப் பிரசவ அறைக்கு அழைத்துவந்துவிட்டோம். ஆனால் இரத்தம் குறைந்தவளாகவே வருகிறாள்.

கர்ப்பிணிக்கு ஹீமோகுளோபின் 11க்குக் கீழே போனால் இரத்தசோகை. 7க்கும் கீழே என்றால் ஆபத்து. பிரசவத்தில் சாதாரணமாகப் போகும் இரத்தமே உயிரைக் கொண்டுபோய்விடலாம். இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டால் குமட்டும், மலம் கறுக்கும். அதனால் பலர் வாங்கி அடுக்களை மாடத்தில் வைத்துவிடுகிறார்கள். மாத்திரையால் ஏறாதவர்களுக்கு நரம்பு வழியே இரும்பு மருந்து ஏற்றும் வசதியைத் தமிழ்நாட்டு ஆரம்ப சுகாதார நிலையங்களில் கொண்டுவந்திருக்கிறார்கள். இரண்டாம் மும்மாதத்தில் ஒரு தடவை புழு மாத்திரையும் உண்டு. கொக்கிப்புழு மலையில் இந்த ஒற்றை மாத்திரையை நர்ஸம்மா மறக்காமல் கொடுத்தால், அது பல இரும்பு மாத்திரைகளைக் காப்பாற்றும்.

எல்லா இரத்தசோகைக்கும் புழு காரணமல்ல; அரிவாள் செல் நோயாகவும் இருக்கலாம். அந்த நோயை இந்தியாவில் முதன்முதலாக 1952இல் நீலகிரிப் பழங்குடிகளிடம்தான் கண்டார்கள். 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய இயக்கம் பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரை உள்ளவர்களுக்கு அதற்கான பரிசோதனையைச் செய்கிறது. இரும்பு கொடுத்தும் இரத்தம் ஏறாத கர்ப்பிணி அதைக் கேட்டு வாங்கலாம்.

முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதி உதவித் திட்டத்தில் தவணைகளாகக் கிடைக்கும் 18,000 ரூபாய் உதவியில் ஊட்டச்சத்துப் பெட்டகமும் சேர்த்தி. அதற்குக் கர்ப்பம் உறுதியானதுமே பதிவு செய்து ‘பிக்மி’ எண் வாங்க வேண்டும். கணவனோடு வெளியூர் வேலைக்குப் போய், ஐந்தாம் மாதம் ஊர் திரும்பும் பெண்ணுக்கு இந்தத் தேதிகள் தவறிவிடுகின்றன. மலைக்கு உரிய இன்னொரு ஏற்பாடு, பிரசவத்துக்கு முன்பே வந்து தங்கும் அறை. மலைப்பகுதி ஆரம்ப சுகாதார நிலையங்கள் சிலவற்றில் இது உண்டு. வலி எடுத்த பிறகு வண்டி தேடுவதைவிட, நாள் நெருங்கும்போதே ஒரு துணையோடு வந்து தங்குவது மேல். ஆனால் வீட்டில் மற்றக் குழந்தைகளையும் ஆடுமாடுகளையும் யார் பார்ப்பது என்ற கேள்விக்கு எந்தச் சுற்றறிக்கையிலும் பதில் இல்லை.

பாம்பும் பாதையும்

2023 மே மாதம் வேலூர் மாவட்டம் அல்லேரி மலையில், தூங்கிக்கொண்டிருந்த ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. மருத்துவமனை போய்ச் சேருவதற்குள் உயிர் போய்விட்டது. உடற்கூறாய்வு முடிந்து திரும்பும்போது ஆம்புலன்ஸ் ஏற வழியில்லாததால், பெற்றவர்கள் குழந்தையின் உடலைக் கையில் ஏந்தி மலையேறினார்கள். தமிழ்நாடே பார்த்து அதிர்ந்த காட்சி அது. அல்லேரியும் நெல்லிவாசல்நாடும் வேறு வேறு மாவட்டம், மலை ஒன்றுதான்.

சாலை இருந்தும் பாதுகாப்பில்லாத கதையும் இங்கே உண்டு. 2022 ஏப்ரலில் புலியூர் கிராமத்தினர் செம்பரை மலைக் கோவிலுக்குப் போன வேன் பள்ளத்தில் கவிழ்ந்து 11 பேர் இறந்தார்கள்.

இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 58,000 பேர் பாம்புக்கடியால் சாகிறார்கள் என்பது 2000 முதல் 2019 வரையிலான இறப்புகளை அலசிய ஆய்வின் கணக்கு. 2024 மார்ச்சில் ஒன்றிய அரசு தேசியச் செயல்திட்டம் ஒன்றை வெளியிட்டது. 2030க்குள் சாவைப் பாதியாக்குவது அதன் இலக்கு. அதே ஆண்டு நவம்பரில் தமிழ்நாடு, பொது சுகாதாரச் சட்டத்தின்கீழ் பாம்புக்கடியை அறிவிக்கை செய்ய வேண்டிய நோயாக்கியது. இனி ஒவ்வொரு கடியும் கணக்கில் வர வேண்டும். எங்கே கடி அதிகம் என்று தெரிந்தால்தான் விஷமுறிவு மருந்தை அங்கே வைக்க முடியும்.

அந்த மருந்துக்கான விஷத்தில் பெரும்பகுதி, 1978இல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவுச் சங்கத்திலிருந்து போகிறது. நாகம், கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்குக்கும் ஒரே மருந்து. அதனால் பாம்பை அடித்துப் பையில் போட்டுக்கொண்டு ஓட வேண்டியதில்லை.

கடிவாயைக் கீறாதீர்கள், உறிஞ்சாதீர்கள், இறுக்கிக் கட்டாதீர்கள். காலை முறிந்த கால்போல அசையாமல் வைத்து, ஆளை நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு போங்கள். கட்டுவிரியன் கடித்தால் வலியோ வீக்கமோ இல்லாமலும் போகலாம். இரவு தரையில் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்து, கண்ணிமை திறக்க முடியாமல் தடுமாறினால் அது பாம்புக்கடியாக இருக்கலாம். கட்டிலும், ஓரம் செருகிய கொசுவலையும் இங்கே பாம்புக்கும் காவல்.

காய்ச்சல் வந்தால் தோலையும் பாருங்கள்

மழை முடிந்த குளிர்மாதங்களில் இந்தப் பக்கம் வரும் காய்ச்சல் எல்லாம் டெங்கு அல்ல. புதரிலும் புல்லிலும் இருக்கும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுண்ணியின் குஞ்சு கடித்து வரும் உண்ணிக் காய்ச்சல், அதாவது ஸ்க்ரப் டைபஸ், வேலூர் வட்டாரத்துக்குப் பழகிய நோய். விறகும் கடுக்காயும் பொறுக்கப் போகிறவர்கள் இதற்கு எளிய இலக்கு. அக்குள், இடுப்பு, தொடையிடுக்கு போன்ற மறைவிடத்தில் பீடிச் சூடு பட்டதுபோல ஒரு கறுப்புப் பொருக்கு இருக்கும். வலிக்காது என்பதால் நோயாளி சொல்லமாட்டார். கேட்டுப் பார்க்க வேண்டும்.

தொடக்கத்தில் பிடித்தால் டாக்சிசைக்ளின் அல்லது அசித்ரோமைசின் மாத்திரையே போதும். விட்டால் நுரையீரலும் சிறுநீரகமும் கெடும். முற்றிய நிலையில் இரண்டு மருந்தையும் சேர்த்து நரம்பில் ஏற்றுவது பயனுள்ளது என்று நிறுவி, சி.எம்.சி. முன்னின்று நடத்திய ஆய்வு 2023இல் வெளியானது. மலையடிவாரத்து நோய்க்கு மலையடிவாரத்திலேயே கிடைத்த விடை.

காசநோயைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2022இல் தமிழ்நாடு தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லா திட்டம்’ நோய் கண்ட அன்றே மூன்று விஷயம் பார்க்கச் சொல்கிறது: உடல் மிகவும் மெலிந்திருக்கிறதா, மூச்சு திணறுகிறதா, தானே எழுந்து நிற்க முடிகிறதா? தேறாதவர்களை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். ஊட்டச்சத்துக்கான மாத உதவி 2024 நவம்பரிலிருந்து 500 ரூபாயிலிருந்து 1,000 ஆகியிருக்கிறது. வெளியூர் வேலைக்குக் கிளம்புகிறவர், சிகிச்சையைப் போகும் ஊருக்கு மாற்றித் தரும்படி கேட்டால் கிடைக்கும்; மருந்தைப் பாதியில் நிறுத்தத்தான் கூடாது.

சிட்டிலிங்கி காட்டும் வழி

தருமபுரி மாவட்டம் சிட்டிலிங்கிப் பள்ளத்தாக்கிலும் மலையாளிப் பழங்குடியினர்தான். 1993இல் டாக்டர் ரெஜி ஜார்ஜும் டாக்டர் லலிதாவும் அங்கே ‘டிரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ்’ அமைப்பைத் தொடங்கியபோது, பிறக்கும் ஆயிரம் குழந்தைகளில் 147 குழந்தைகள் முதல் பிறந்தநாளைப் பார்க்கவில்லை. பிற்காலத்தில் அது ஏறக்குறைய 20ஆக இறங்கியது. பெரிய கருவிகளால் நடந்த மாற்றமல்ல அது. அந்த ஊர்ப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பழக்கினார்கள். பள்ளிப் படிப்பை முடிக்காதவர்கள்கூடப் பிரசவம் பார்க்கவும், அறுவைக் கூடத்தில் உதவவும் கற்றார்கள்.

அரசிடம் இதற்கான சட்டகம் ஏற்கெனவே இருக்கிறது. தமிழ்நாட்டில் ஆஷா பணியாளர்கள் பெரும்பாலும் மலை, பழங்குடிப் பகுதிகளில்தான் இருக்கிறார்கள். 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தன்னார்வலர்களும் வீட்டுக்கே போய் இரத்தக் கொதிப்பு பார்த்து மாத்திரை தருகிறார்கள். கொதிப்பு பார்க்க வாசல்வரை போகிறவர் கையிலேயே அல்பெண்டசோலையும் கொடுத்தனுப்பலாமே. ஆண்டுக்கு இருமுறை, வீட்டிலிருக்கும் எல்லோருக்கும். ஜவ்வாது மலையைப் பொறுத்தவரை துறை எடுக்கக்கூடிய மிக மலிவான, மிகப் பயனுள்ள முடிவு அதுவாகத்தான் இருக்கும்.

அதுவரை, ஆகஸ்ட் 10க்குக் குழந்தையை அங்கன்வாடிக்கு அழைத்துப்போகும் அப்பாவும் அம்மாவும் தங்களுக்கும் புழு மாத்திரை வேண்டுமா என்று நர்ஸம்மாவிடம் கேளுங்கள். அவசரத்துக்கு 108. மருந்து, திட்டம், ஆலோசனை எதுவானாலும் 104.