பத்தடிக் கூரைக்குப் பழைய சரவிளக்கு: ஒரு வரவு செலவு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு நந்தா விளக்குக்கு 96 ஆடுகள் என்று கணக்கு வெட்டியிருக்கிறார்கள். ஆடுகளைப் பெற்றுக்கொண்ட இடையர் நாள்தோறும் ஓர் உழக்கு நெய் அளக்க வேண்டும். நான்கு உழக்கு ஒரு நாழி என்றால் ஆண்டுக்கு 91¼ நாழி நெய். விளக்குக்கு என்ன கொடுத்தோம் என்பதைவிட, அது அணையாமல் எரிய என்ன ஆகும் என்பதில்தான் கணக்கு வெட்டியவர்களுக்குக் கவனம். பழைய சரவிளக்கு வாங்க ஆசைப்படுகிறவர்களும் இந்தக் கணக்கைத்தான் முதலில் போட வேண்டும்.

மதுரையை ஒட்டிய கீழக்குயில்குடியிலும், நாகமலைப் புதுக்கோட்டையைச் சுற்றியும் புது வீடுகள் எழும்பிக்கொண்டே இருக்கின்றன. பால் காய்ச்சுவதற்கு முன் ஒருமுறை காரைக்குடி போய் வருவது இப்போது பலருக்கு வழக்கமாகிவிட்டது. ஏறத்தாழ 100 கிலோமீட்டர். அங்கே முனீஸ்வரன் கோவில் தெருப் பழம்பொருள் கடைகளில் கதவு, தூண், பீங்கான், எனாமல் பாத்திரம் இவற்றுக்கு நடுவே விளக்குகள் தொங்குகின்றன. அவை அங்கே வந்து சேர்ந்த கதை சோகமானது. 1942இல் ஜப்பானியர் பர்மாவைப் பிடித்தார்கள். 1948இல் பர்மா விடுதலை பெற்றபின் நிலங்கள் அரசுடைமையாயின. பர்மாவுக்குக் கொண்டுவிற்கப் போன செட்டிநாட்டு நகரத்தார் பலரின் முதல் அங்கேயே முடங்கியது. ஊரில் இருந்த வீட்டுக்குப் பங்காளிகள் பெருகினார்கள், பராமரிப்புக்குப் பணம் குறைந்தது, வீடுகள் பிரிக்கப்பட்டன. தொண்ணூற்றாறு ஊர்களாக இருந்த செட்டிநாடு இன்று எழுபத்து சொச்சம் ஊர்கள்தான். அங்கிருந்து இறங்கும் விளக்கை வாங்குகிறவர், அதை இன்னொரு ஐம்பது ஆண்டு எரியவைக்கும் பொறுப்பையும் சேர்த்தே வாங்குகிறார்.

இனி அளவு. மாதிரிக்கு ஒரு ஹால்: 12 அடிக்கு 16 அடி, கூரை உயரம் 10 அடி. நம் பக்கத்துப் புது வீடுகளில் சாதாரணமாகப் பார்க்கும் அளவு இது. நீளத்தையும் அகலத்தையும் அடியில் கூட்டி, வரும் எண்ணை அங்குலமாக வைத்துக்கொண்டால் விளக்கின் விட்டம் கிடைக்கும் என்பது அலங்காரக்காரர்கள் கைக்கணக்கு. 12-உம் 16-உம் 28. ஆக 28 அங்குல விட்டம் பொருந்தும். சிக்கல் உயரத்தில்தான். ஆள் நடக்கிற இடத்தில் விளக்கின் அடி தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே வரக்கூடாது. மிச்சம் 3 அடி. அதில் கொக்கி, சங்கிலி, மேல்மூடி அரை அடியைத் தின்றுவிடும். விளக்குக்கு மிஞ்சுவது 30 அங்குலம். செட்டிநாட்டு முகப்புகளுக்கும் வளவுகளுக்கும் செய்த பெரிய விளக்குகள் நாலடி, ஐந்தடி இறங்கும். அவற்றைப் பத்தடிக் கூரையில் மாட்டினால் வீட்டுக்கு வருகிறவர் எல்லாரும் தலை குனிந்துதான் வர வேண்டும்.

அடுத்தது மின்விசிறி. மதுரை வெயிலில் ஹாலின் நடுக் கொக்கி விசிறிக்குத்தான். அதை விளக்குக்கு விட்டுக்கொடுக்க எந்த வீட்டிலும் பெரியவர்கள் சம்மதிக்க மாட்டார்கள், சம்மதிக்கவும் கூடாது. 1,200 மில்லிமீட்டர் விசிறியின் இறக்கை வீச்சு ஏறத்தாழ 4 அடி. நடுவிலிருந்து 2 அடி. விளக்கின் பாதி 1 அடி 2 அங்குலம். இடையில் குறைந்தது 2 அடி இடைவெளி. இரண்டு கொக்கிகளுக்கும் நடுவே 5 அடி 2 அங்குலம் வேண்டும். விசிறியை நடுவிலிருந்து சற்று நகர்த்தினால், பதினாறடி ஹாலில் இரு பக்கச் சுவரிலிருந்தும் 5 அடி 5 அங்குலம் விட்டு இரண்டையும் மாட்டலாம். இடம் இருக்கிறது, ஆனால் காற்று நிற்காது. விசிறிக் காற்றில் விளக்கின் கண்ணாடித் தொங்கட்டான்கள் நாள் முழுக்க ஒன்றோடொன்று உரசும். கண்ணாடியின் விளிம்பு சில்லு விடும், பித்தளைக் கம்பி தேயும். கான்கிரீட் போடுவதற்கு முன்பே இரண்டு கொக்கிகளின் இடத்தையும் இஞ்சினியரிடம் சொல்லிவிடுங்கள். வீடு முடிந்தபின் சொன்னால் துளை போட வேண்டிவரும்.

எடையை யாரும் கேட்பதில்லை. பன்னிரண்டு கிளை உள்ள ஒரு நடுத்தர விளக்கு, பித்தளையும் கண்ணாடியும் சேர்ந்து 25 கிலோ என்று வைப்போம். தொங்கும் விளக்குகளுக்கான உலகத் தரவிதி, விளக்கின் எடையைப் போல் நாலு மடங்கு பாரத்தை ஒரு மணி நேரம் தொங்கவிட்டுச் சோதிக்கச் சொல்கிறது. 25 கிலோவுக்கு 100 கிலோ. அதாவது இரண்டு சிமெண்ட் மூட்டை. கட்டட வேலை நடக்கும்போதே மேஸ்திரியை வைத்து அந்த இரண்டு மூட்டையைக் கொக்கியில் கட்டித் தொங்கவிட்டுப் பாருங்கள், கீழே யாரும் நிற்க வேண்டாம். கொக்கி கூரைக் கம்பியோடு கோத்திருந்தால் அசையாது. ஜிப்சம் பலகையில் ஃபால்ஸ் சீலிங் போட்டவர்கள் கம்பியை அதைத் தாண்டிக் கான்கிரீட்டுக்கே கொண்டுபோக வேண்டும். ஹாலில் ஊஞ்சல் கொக்கி இருந்து, பேரப்பிள்ளைகள் வளர்ந்து ஊஞ்சலும் பரணுக்குப் போயிருந்தால், அதைவிட நல்ல இடம் சரவிளக்குக்குக் கிடையாது.

குவாலியர் ஜெய்விலாஸ் அரண்மனையில் ஒவ்வொன்றும் 3½ டன் எடையுள்ள இரண்டு சரவிளக்குகள் இருக்கின்றன. மாட்டுவதற்கு முன் கூரைமேல் யானைகளை ஏற்றிப் பார்த்ததாகச் சொல்வார்கள். யானை ஏற்றியது கதையாகவே இருந்தாலும் அந்த முன்யோசனை நமக்கும் வேண்டும்.

வெளிச்சத்துக்கு வருவோம். ஒரு மெழுகுவத்தி தருவது ஏறத்தாழ 12 லூமன். பன்னிரண்டு மெழுகுவத்தி ஏற்றினால் 150 லூமன்கூட வராது. அவ்வளவு குறைந்த ஒளியைப் பிடித்து, உடைத்து, அறையெங்கும் தெளிப்பதற்காகத்தான் நூற்றுக்கணக்கில் தொங்கட்டான்களைக் கோத்தார்கள். எதிர்ச்சுவரில் ஆளுயரக் கண்ணாடி வைத்ததும் அதற்காகவே. இன்று 4 வாட் எல்.இ.டி. பல்பு ஒன்றே 400 லூமன் தரும். முப்பதுக்கு மேற்பட்ட மெழுகுவத்திக்குச் சமம். பன்னிரண்டு பல்புக்கு 4,800 லூமன். மாதிரி ஹாலின் பரப்பு 192 சதுர அடி, 17.8 சதுர மீட்டர். பாதி ஒளி கண்ணாடியிலும் கூரையிலும் போனாலும் சதுர மீட்டருக்கு 135 லூமன் தரைக்கு வரும். உட்கார்ந்து பேசத் தாராளம். நான் 2 வாட் பல்பையே சொல்வேன், 2,700 கெல்வின் மஞ்சள் ஒளியில். வெள்ளை எல்.இ.டி. போட்ட பழைய சரவிளக்கு துணிக்கடை விளக்குபோல் ஆகிவிடுகிறது.

மின்கட்டணம் இந்தக் கணக்கில் எளிய பகுதி. பழைய 40 வாட் குண்டு பல்பு பன்னிரண்டு எரிந்தால் 480 வாட். நாளுக்கு 4 மணி நேரம், 60 நாளில் 115.2 யூனிட். இரண்டு மாதத்துக்கு அரசு தரும் இலவச யூனிட்டில் பெரும் பங்கை இந்த ஒரு விளக்கே விழுங்கிவிடும். 4 வாட் எல்.இ.டி. என்றால் 11.5 யூனிட்தான். யூனிட்டுக்கு 8 ரூபாய் என்று வைத்தால் ஆண்டுக்கு 5,530 ரூபாய் 553 ஆகக் குறையும். பல்பு ஒன்று 200 ரூபாய் என்று 2,400 போட்டாலும் ஆறு மாதத்தில் ஈடாகிவிடும்.

விலைக்கு இருக்கட்டும் ஓர் உதாரணம்; உங்கள் எண்களை நீங்கள் போட்டுக்கொள்ளுங்கள். விளக்கு 60,000. பழைய ரப்பர், பருத்தி உறை ஒயர்களை உருவிவிட்டு, எர்த்தோடு புது ஒயர் இழுக்கக் கிளைக்கு 400 வீதம் 4,800. காணாமல்போன தொங்கட்டான் 20, ஒன்று 150 வீதம் 3,000. பல்பு 2,400. கொக்கியும் மாட்டுக்கூலியும் 8,000. பிரித்துப் பொதிந்து கொண்டுவர 5,000. மொத்தம் 83,200. கடையில் கொடுத்ததற்கு மேல் 23,200, நூற்றுக்கு 39 பங்கு. பேரத்தில் ஐயாயிரம் குறைத்துவிட்டோம் என்று மகிழ்கிறவர்கள் இந்த 23,200ஐ முன்கூட்டியே எடுத்து வைப்பதில்லை.

கடையில் ‘பெல்ஜியம்’ என்பார்கள். அந்தப் பெயருக்கு மட்டும் பணம் கொடுக்காதீர்கள். ஃபிரோசாபாத்தில் இன்றும் சரவிளக்குச் செய்கிறார்கள், நன்றாகவே செய்கிறார்கள். அதை ஃபிரோசாபாத் விலைக்கே வாங்கலாம். பையில் ஒரு காந்தமும், நகை நிறுக்கும் சிறு தராசும், மில்லி கோடு போட்ட கண்ணாடிக் குவளையும் இருக்கட்டும். காந்தம் ஒட்டினால் பித்தளை இல்லை, இரும்பின்மேல் முலாம். தொங்கட்டான் ஒன்றைக் கழற்றி நிறுங்கள்: 31 கிராம் என்று வைப்போம். நூலில் கட்டித் தண்ணீருக்குள் இறக்குங்கள். மட்டம் 10 மில்லி ஏறினால் அடர்த்தி 3.1, ஈயம் கலந்த கிரிஸ்டல். 12 மில்லிக்கு மேல் ஏறினால் 2.5ஐ ஒட்டி வரும், சாதாரணக் கண்ணாடி. 26 மில்லி ஏறினால் அக்ரிலிக் பிளாஸ்டிக், பேச்சை முடித்துக்கொண்டு கிளம்பலாம். ஐரோப்பிய விதியில் 24 விழுக்காடு ஈய ஆக்சைடும் 2.9 அடர்த்தியும் இருந்தால்தான் ஈயக் கிரிஸ்டல் என்ற பெயர். ஆனால் பழைய பொஹீமியா விளக்குகள் பல ஈயமில்லாத கண்ணாடியில் செய்தவை. எடை குறைவு என்பதால் மட்டும் ஒன்று போலியாகிவிடாது. தொங்கட்டான் குறைந்த விளக்கை வாங்கலாம், கண்ணாடிக் கிளை உடைந்த விளக்கை வாங்க வேண்டாம், ஜோடி சேராது.

நூறு ஆண்டு கடந்த பொருளை 1972ஆம் ஆண்டின் தொல்பொருள் சட்டம் தொல்பொருளாகக் கொள்கிறது. சிங்கப்பூரிலோ அமெரிக்காவிலோ இருக்கும் பிள்ளைக்கு அனுப்பலாம் என்ற எண்ணத்தில் அப்படிப்பட்ட விளக்கை வாங்காதீர்கள்; தனியார் வெளிநாட்டுக்கு அனுப்ப அனுமதி இல்லை. வயதை எழுதி ரசீது கேளுங்கள்.

துடைப்பதற்கு ஆகும் நேரம்: 200 தொங்கட்டான், ஒன்றுக்கு ஒன்றரை நிமிடம் என்றால் 5 மணி நேரம். ஆடிக் காற்றில் நாகமலைப் பக்கம் பறக்கும் புழுதிக்கு, ஆடி முடிந்து ஒருமுறை, போகிக்கு ஒருமுறை. மாடிப்படி இடைவெளியில் இருபதடி உயரத்தில் மாட்டியவர்கள் ஒவ்வொரு முறையும் சாரம் கட்ட வேண்டும். கட்டும்போதே கப்பியும் கயிறும் வைத்து இறக்குகிற ஏற்பாடு செய்துகொண்டால் தப்பிக்கலாம்.

இத்தனை எண்களையும் கூட்டிப் பார்த்தபின் என் முடிவு இது. பத்தடிக் கூரைக்குச் சரவிளக்கு வேண்டாம். ஒற்றைத் தொங்குவிளக்கு வாங்குங்கள். பால் கண்ணாடி மூடியோ, குடுவை வடிவ ஹண்டியோ, பித்தளைச் சங்கிலியில் தொங்கும் வண்ணக் குளோபோ, பெரும்பாலும் 5 கிலோவுக்குள் அடங்கும். 9 வாட் பல்பு ஒன்று, 60 நாளுக்கு 2.16 யூனிட். துடைக்கப் பத்து நிமிடம். சாப்பாட்டு மேசைக்கு மேல் மாட்டுவதானால் பலகையிலிருந்து 30 அங்குலம் விடுங்கள். மூன்றடி அகல மேசைக்கு 12 முதல் 18 அங்குல மூடி போதும். திண்ணையில் மாட்டுவதானால் சங்கிலியை விட்டு நேர்க் கம்பியில் மாட்டுங்கள், காற்றுக்கு ஆடாது. சரவிளக்கு வீட்டுக்கு வந்தே ஆக வேண்டும் என்பவர்கள், இரண்டு மாடி உயரத்துக்குத் திறந்த ஹாலோ படிக்கட்டோ இருந்தால் மட்டும் காரைக்குடிக்கு வண்டி ஏறுங்கள். போகுமுன் கூரை உயரத்தை அளந்து, எழுதி எடுத்துப் போங்கள்.