புதுவாயலா, புதுவயலா? ஊர்ப் பெயரை எழுதி வைத்தது யார்?

கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்கு வேலைக்குப் போகிறவர்களுக்குப் புதுவாயலைத் தெரியாமல் இருக்காது. சென்னை - கொல்கத்தா நெடுஞ்சாலையில், கவரைப்பேட்டைக்குப் பக்கத்தில், பெரியபாளையம் சாலை பிரியும் இடம். ஆங்கிலப் பலகையை எழுத்துக்கூட்டிப் படித்தால் 'புதுவோயல்' என்று வரும். மதுரவாயலுக்கும் இதே கதிதான். சரி, அந்த ஆங்கில 'ஓ'வை எடுத்துவிட்டு 'ஏ' போட்டால்? காரைக்குடி பக்கம் அரிசி ஆலைகளுக்குப் பேர்போன புதுவயல் வந்துவிடும்! தமிழில் வாயல் வேறு, வயல் வேறு. ஆங்கிலத்தில் ஒரே எழுத்துதான் வித்தியாசம்.

ஓர் ஊரின் பெயரை இப்படித்தான் எழுத வேண்டும் என்று யார் முடிவு செய்கிறார்கள்?

ஸ்காட்லாந்தில் இதற்கென்றே நோட்டுப் புத்தகம் போட்டார்கள். 19-ம் நூற்றாண்டின் நடுவில் அங்கே நில அளவை நடந்தபோது ஓடை, மேடு, பண்ணை வீடு என்று ஒவ்வோர் இடத்துக்கும் பெயர் எழுதினார்கள். எத்தனை விதமாக அந்தப் பெயரை எழுதுகிறார்கள், அப்படி எழுதலாம் என்று சொன்னது யார் என்பதற்கும் தனித்தனிப் பத்திகள். இன்று இவை இணையத்திலேயே படிக்கக் கிடைக்கின்றன. ஆனால் ஒரு சிக்கல். கேலிக் மொழிப் பெயர்களை ஆங்கிலக் காதால் கேட்டு எழுதிய இடங்கள் ஏராளம். சாட்சி சொல்ல நிலவுடைமையாளர், பாதிரியார், பள்ளி ஆசிரியருக்குத்தான் முன்னுரிமை. அங்கேயே உழைத்த கூலிக்காரர் பேச்சு அவ்வளவாக எடுபடவில்லை.

நம்ம ஊர்ல எப்படி?

இதற்கு ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு முன்பே நம் பக்கம் ஒரு கணக்கெடுப்பு நடந்திருக்கிறது. 1763-ல் ஆற்காடு நவாப் செங்கல்பட்டு ஜாகீரைக் கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கொடுத்தார். பொன்னேரிப் பக்கமும் அதில் அடக்கம். (திருவள்ளூர் தனி மாவட்டமானது 1997-ல்தான்.) 1767 முதல் 1774 வரை தாமஸ் பர்னார்டு என்ற பொறியாளர் அங்கே 2,000-க்கும் மேற்பட்ட ஊர்களை அளந்தார். வீடு, ஏரி, கோயில், மானியம் என எல்லாம் கணக்கில் வந்தன. இதில் சுவாரசியம் என்னவென்றால், ஊர்க் கணக்கர்கள் தமிழில் ஓலையில் எழுதினார்கள். கம்பெனிக்கு ஆங்கிலச் சுருக்கம் போனது. காந்திய ஆய்வாளர் தரம்பால் பின்னாளில் இந்தக் கணக்குகளைத் தேடி எடுத்தார்.

அதாவது, நம்ம ஊர்ப் பெயர்களை முதலில் ஊர்க்காரரே தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார். குழப்பம் ஆங்கிலத்துக்குப் போகும்போதுதான் ஆரம்பம். 2020 ஜூன் மாதம் தமிழக அரசு 1,018 ஊர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி வெளியிட்டது ஞாபகம் இருக்கிறதா? வேலூருக்குக் கொடுத்ததைப் படித்தால் 'வீலூர்' என்று வந்தது. மீம்ஸ் பறந்தன. சில நாட்களில் அரசாணை திரும்பப் பெறப்பட்டது. நோக்கம் நல்லதுதான், எழுத்துக்கூட்டும் முறைதான் காலை வாரிவிட்டது.

புல எண்ணுக்குள் தொலைந்த பெயர்கள்

ஊர்ப் பெயராவது தப்பித்தது. ஊருக்குள் இருக்கும் கழனி, மேடு, குட்டைக்கெல்லாம் பேர் உண்டு இல்லையா? நம் 'அ' பதிவேட்டில் புல எண் இருக்கும், பரப்பு இருக்கும், நன்செயா புன்செயா என்று இருக்கும். கழனியை ஊர்க்காரர்கள் என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்பதற்குப் பத்தி கிடையாது. எல்லைத் தகராறு தீர்க்க எண் போதும், உண்மைதான். ஆனால் நிலம் கைமாறி கம்பெனி வந்து, மிச்சம் மனையாகி 'நகர்', 'கார்டன்' என்று போர்டு வைத்த பிறகு பழைய பேரைச் சொல்ல ஆள் இருக்க மாட்டார்.

இந்தப் பக்கம் மனை வாங்கும் யோசனை இருந்தால், ஆங்கிலப் பெயரை மட்டும் நம்பாமல் பட்டாவில் வருவாய் கிராமத்தின் பெயர் தமிழில் எப்படி இருக்கிறது, புல எண் பத்திரத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். அப்படியே தாய்ப்பத்திரத்தையும் வாங்கி, நான்கு எல்லை எழுதியிருக்கும் பக்கத்தைப் புரட்டுங்கள். பழைய பத்திரங்களில் சில நேரம் வாய்க்காலும் மேடும் பேரோடு இருக்கும். அது எங்கே என்று அந்தப் பக்கம் மாடு மேய்க்கும் பெரியவரிடம் கேட்டால் கை காட்டுவார்.