கணக்குக் கேட்பவரும் கணக்குக் கொடுப்பவரும்



லூக்கா நற்செய்தியின் 16ஆம் அதிகாரத்தில் வரும் வீட்டுப் பொறுப்பாளர் உவமையைக் கேட்கும்போதெல்லாம் நம்மில் பலருக்கும் ஒரு குழப்பம் வருவதுண்டு. ஏமாற்றிய ஒருவரைத் தலைவர் ஏன் பாராட்டுகிறார் என்பதே அது. அதற்கு விளக்கம் சொல்வது இன்றைய நோக்கமல்ல. உவமையின் தொடக்கத்தை மட்டும் பார்ப்போம். தலைவர் அழைக்கிறார், கணக்குக் கேட்கிறார். பொறுப்பாளர் கொடுக்க வேண்டும். நம் அலுவலகங்களிலும் தொழிற்சாலைகளிலும் ‘பொறுப்பு’ என்ற சொல்லுக்கு இந்த ஒரு பொருள்தான் இருக்கிறது. கீழே இருப்பவர் மேலே இருப்பவருக்குக் கணக்குக் கொடுப்பதே பொறுப்பு. அப்படியானால் மேலே இருப்பவர், தமக்குக் கீழே வேலை செய்பவருக்குக் கணக்குக் கொடுக்க வேண்டியதில்லையா?

இக்கேள்வியைப் பொதுவாகப் பேசினால் நல்ல வார்த்தைகளோடு முடிந்துவிடும். எனவே உண்மையில் நடந்த ஒன்றை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் மிகப் பெரிய வங்கிகளுள் ஒன்றான வெல்ஸ் பார்கோவில் நடந்தது இது. தலைமை அலுவலகத்தின் மேல்மாடியிலிருந்து பார்க்காமல், கிளையில் வாடிக்கையாளருக்கு எதிரே அமர்ந்திருந்த சாதாரண ஊழியரின் நாற்காலியிலிருந்து பார்ப்போம்.

1852இல் தொடங்கப்பட்ட அந்த வங்கியில் கிளைகளை ‘கிளை’ என்று சொல்வதில்லை, ‘கடை’ என்றே சொன்னார்கள். சேமிப்புக் கணக்கு, கடன் அட்டை, இணைய வழி வங்கிச் சேவை எல்லாமே அங்கே விற்பனைப் பொருட்கள். ஒவ்வொரு குடும்பத்திற்கும் எட்டுப் பொருட்களை விற்க வேண்டும் என்பது தலைமையின் முழக்கம். ஏன் எட்டு? ஆங்கிலத்தில் எட்டு என்ற சொல்லும் ‘மகத்தானது’ என்ற சொல்லும் ஒரே ஓசையில் முடிகின்றன, அதனால்தான் எட்டு என்று வங்கியின் தலைவர் ஜான் ஸ்டம்ப் தமது ஆண்டறிக்கையிலேயே எழுதினார். பல்லாயிரம் பேருடைய அன்றாட உழைப்பின் அளவு ஓர் எதுகையால் முடிவு செய்யப்பட்டது! உண்மையில் ஒரு குடும்பத்திற்குச் சராசரியாக ஆறு பொருட்களுக்குச் சற்று மேலேதான் அவர்களால் காட்ட முடிந்தது. அந்த எண்ணிக்கையிலும் எவ்வளவு உண்மை என்பது பிறகு தெரியவந்தது. அந்த எட்டு எட்டாத எட்டாகவே இருந்தது.

கிளை ஊழியருக்கு இந்த எட்டு எப்படி வந்து சேர்ந்தது? ‘டார்கெட்’ என்று சொன்னால் நம் குடும்பங்களில் வங்கி, காப்பீடு, மருந்து விற்பனை, தொலைபேசித் துறைகளில் வேலை செய்யும் பிள்ளைகளுக்கு உடனே புரியும். ஒவ்வொரு நாளுக்கும் ஓர் இலக்கு. யார் முன்னே, யார் பின்னே என்று தினமும் பட்டியல். ஒரு நாள் குறைந்தது மறுநாள் இலக்கோடு சேர்ந்துகொண்டது. ஜனவரி மாதத்தில் இலக்கை மேலும் உயர்த்திச் சிறப்பு விற்பனை இயக்கம் நடத்தினார்கள். இலக்கை எட்டாதவர்கள் கடிந்துகொள்ளப்பட்டார்கள், வேலையை இழந்துவிடுவோமோ என்று அஞ்சினார்கள். லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ் நாளிதழ் இதையெல்லாம் 2013 டிசம்பரில் விரிவாக எழுதியது. சில ஊழியர்கள் தங்கள் குடும்பத்தாரிடமே கெஞ்சிக் கணக்குத் தொடங்க வைத்ததையும், வீடில்லாத ஏழைப் பெண் ஒருவரைப் பேசிச் சம்மதிக்க வைத்து, மாதம் 39 டாலர் கட்டணம் வரும்படி ஆறு கணக்குகள் தொடங்கியதையும் அச்செய்தி சொன்னது.

அந்தப் பெண்ணின் ஆறு கணக்குகளைச் சற்று நினைத்துப் பார்ப்போம். அன்று மாலை அந்தக் கிளையின் பட்டியலில் ஆறு எண்கள் கூடியிருக்கும். பட்டியலைப் பார்த்தவர் கண்ணுக்கு அது வெற்றியாகவே தெரிந்திருக்கும்.

இலக்கை எட்ட வேறு வழியில்லாதபோது ஊழியர்கள் குறுக்குவழி கண்டார்கள். வாடிக்கையாளர் கேட்காமலேயே அவர் பெயரில் கணக்குத் தொடங்கி, அவருடைய பழைய கணக்கிலிருந்தே பணத்தை மாற்றிக் காட்டினார்கள். போலி மின்னஞ்சல் முகவரிகளைக் கொடுத்து இணைய வழிச் சேவையில் சேர்த்தார்கள். ஒப்புதலின்றி அட்டைகளுக்கு விண்ணப்பித்து இரகசிய எண்ணையும் தாங்களே பதிவு செய்தார்கள். 2016 செப்டம்பரில் அமெரிக்க அரசின் கண்காணிப்பு அமைப்புகளும் லாஸ் ஏஞ்சலஸ் நகர நிர்வாகமும் அவ்வங்கிக்கு 18 கோடியே 50 லட்சம் டாலர் அபராதம் விதித்தன. அனுமதியின்றித் தொடங்கப்பட்டிருக்கலாம் என்று அப்போது சொல்லப்பட்டவை ஏறத்தாழ 15 லட்சம் வைப்புக் கணக்குகளும் 5 லட்சத்து 65 ஆயிரம் கடன் அட்டை விண்ணப்பங்களும். மறு ஆண்டில் மொத்தம் 35 லட்சம் வரை இருக்கலாம் என்று வங்கியே திருத்திச் சொன்னது.

அதே செப்டம்பரில் இன்னோர் எண்ணும் வெளியே வந்தது. ஐந்து ஆண்டுகளில் இது தொடர்பாக ஏறத்தாழ 5,300 ஊழியர்கள் பணிநீக்கம் செய்யப்பட்டிருந்தார்கள். தவறு செய்த தனி மனிதர்களைக் களையெடுத்துவிட்டோம், வங்கியின் பண்பாடு நல்லதே என்பதுதான் தலைமையின் முதல் பதில்.

5,300 பேர்! ஒரு வகுப்பில் ஒரு மாணவன் தேர்வில் தவறினால் அவனைக் கேட்கலாம். வகுப்பே தவறினால் ஆசிரியரையல்லவா கேட்க வேண்டும்?

அந்தத் தலைமைக்கு இது முன்பே தெரியாதா என்றால், தெரிந்திருக்க வேண்டிய அளவுக்குச் சொல்லப்பட்டிருந்தது. வங்கியின் இயக்குநர் குழு 2017 ஏப்ரலில் வெளியிட்ட விசாரணை அறிக்கையே இதைக் காட்டுகிறது. 2002லேயே கொலராடோவில் ஒரு கிளையில் ஏறத்தாழ எல்லோருமே விற்பனைக் கணக்கில் தில்லுமுல்லு செய்தது கண்டுபிடிக்கப்பட்டது. 2000இல் 63 ஆக இருந்த இத்தகைய புகார்கள் 2004இல் 680ஐ எட்டும் என்று உள்விசாரணைப் பிரிவு கணித்தது. ஏமாற்றாமல் இலக்கை எட்ட முடியாது என்று ஊழியர்கள் நினைக்கிறார்கள், விற்பனை இலக்குகளைக் குறைப்பதையோ நீக்குவதையோ பரிசீலியுங்கள் என்று அப்பிரிவு எழுதியும் கொடுத்தது. இலக்குகள் நீக்கப்பட்டது 2016 அக்டோபரில். இடையில் பன்னிரண்டு ஆண்டுகள். 5,300 என்ற முழு எண்ணிக்கையை இயக்குநர்களே 2016 செப்டம்பர் அறிவிப்பின் வழியாகத்தான் அறிந்தார்கள் என்றும் அவ்வறிக்கை சொல்கிறது. நல்ல செய்தி ஒவ்வொரு நாளும் மேலே ஏறியது. கெட்ட செய்தி படிக்கட்டிலேயே நின்றுவிட்டது.

சாதாரண ஊழியர் வாய் திறக்கவில்லையா? திறந்தவர்கள் உண்டு. முறைகேடுகளைத் தெரிவிக்க வங்கியில் ஒரு தொலைபேசி எண் இருந்தது. நேர்மையைப் பற்றிய அழகான கையேடும் இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியில் மேலாளராக இருந்த ஒருவர், தாம் சந்தேகித்த மோசடியைத் தம் மேலதிகாரிகளுக்கும் அந்தத் தொலைபேசி எண்ணுக்கும் தெரிவித்தார். 2010இல் அவர் வேலையிழந்தார். அவரை மீண்டும் பணியில் சேர்த்து, ஏறத்தாழ 54 லட்சம் டாலர் வழங்க வேண்டும் என்று அமெரிக்கத் தொழிலாளர் துறை ஆணையிட்டது 2017 ஏப்ரலில். நீதி கிடைக்க ஏழு ஆண்டுகள்! அந்த ஏழு ஆண்டுகளில் அவருடன் பணியாற்றிய மற்றவர்கள் என்ன பாடம் கற்றிருப்பார்கள்? பணியிடப் பண்பாடு என்பது இதுதான். கையேட்டில் அச்சிட்டிருப்பதை யாரும் படித்துக் கற்பதில்லை. உண்மை சொன்னவருக்கு என்ன நேர்ந்தது, பொய்க் கணக்கு எழுதியவருக்கு யார் கைதட்டினார்கள் என்பதைப் பார்த்தே கற்கிறார்கள்.

திருஅவையின் போதனை இங்கே நமக்குக் கைகொடுக்கிறது. கத்தோலிக்கத் திருஅவையின் மறைக்கல்வி ஏட்டில் 1868ஆம் பத்தி, பிறர் செய்யும் பாவத்தில் நமக்கு எப்போது பங்கு உண்டு என்று விளக்குகிறது. நேரடியாகச் சேர்ந்து செய்வது மட்டுமல்ல. ஏவுவதும், ஆலோசனை சொல்வதும், பாராட்டுவதும், ஒப்புதல் தருவதும் அதில் அடங்கும். தடுக்கவோ வெளிப்படுத்தவோ கடமை இருந்தும் அதைச் செய்யாதிருப்பதும், தீமை செய்பவரைக் காப்பாற்றுவதும்கூட. இந்தப் பட்டியலில் ‘பாராட்டுவது’ இருப்பதைப் பலர் கவனிப்பதில்லை. போலிக் கணக்குத் தொடங்கு என்று அந்த வங்கியின் தலைவர் யாருக்கும் ஆணையிடவில்லை. ஆனால் அந்த எண்களை வைத்தே பாராட்டும் பரிசும் பதவி உயர்வும் கிடைத்தன. எண் எப்படி வந்தது என்று கேட்காமல் எண்ணை மட்டும் பாராட்டியவர் அதில் பங்காளியே.

அதே ஏட்டின் 1735ஆம் பத்தி, அச்சமும் வற்புறுத்தலும் ஒருவருடைய குற்றப்பொறுப்பைக் குறைக்கலாம், நீக்கவும்கூடச் செய்யலாம் என்கிறது.  ஆனால் ‘மேலே இருந்து சொன்னார்கள், நான் செய்தேன்’ என்பது மட்டுமே தானாக முழு விடுதலை தந்துவிடாது. அந்த ஏழைப் பெண்ணுக்கு எதிரே அமர்ந்திருந்தவர் ஒரு மனிதர், அவருக்கும் மனச்சான்று உண்டு. வேலை போனால் வீட்டு வாடகை, பிள்ளைகளின் படிப்பு என்ற பயத்தைக் கடவுள் அறிவார். நாமும் அறிவோம். ஆனாலும் அந்தக் கையொப்பம் அவர் இட்டதுதான்.

இன்னும் ஒரு சாராரையும் மறந்துவிடக் கூடாது. திருத்தந்தை இரண்டாம் ஜான் பால் 1981இல் எழுதிய ‘லாபோரெம் எக்ஸெர்சென்ஸ்’ என்ற சுற்றுமடலில், வேலை கொடுப்பவரை இரண்டு வகையாகப் பிரித்துப் பேசுகிறார். நேரடியாக வேலை கொடுப்பவர் ஒருவர். அவருக்குப் பின்னால் நின்று, வேலையின் நிலைமைகளை உருவாக்கும் ஆள்களும் அமைப்புகளும் மற்றொருவர், அதாவது மறைமுகமாக வேலை கொடுப்பவர். திருத்தந்தை அங்கே முக்கியமாக அரசுகளை மனத்தில் கொண்டே எழுதுகிறார். ஆனாலும் பங்குச் சந்தையையும் இந்த இடத்தில் வைத்துப் பார்க்கலாம் என்று நமக்குத் தோன்றுகிறது. ஒரு குடும்பத்திற்கு எத்தனை பொருட்கள் விற்றோம் என்ற எண்ணை அந்த வங்கி முதலீட்டாளர்களிடம் பெருமையாகக் காட்டிவந்தது. பங்கு வாங்கியவர்கள் மகிழ்ந்தார்கள். சேமிப்பைப் பங்குகளில் போட்டிருக்கும் நம் குடும்பங்களும் லாபம் எவ்வளவு என்று கேட்கின்றனவே தவிர, எப்படி வந்தது என்று கேட்பதில்லை.

பிறகு நடந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 2016 செப்டம்பரில் நாடாளுமன்ற மேலவைக் குழுவின் முன் வந்த ஸ்டம்ப், பொறுப்பை ஏற்பதாகச் சொன்னார். அப்படியானால் பதவி விலகினீர்களா, பெற்ற பணத்தில் ஏதாவது திருப்பிக் கொடுத்தீர்களா, உயர் அதிகாரி ஒருவரையாவது நீக்கினீர்களா என்று மேலவை உறுப்பினர் எலிசபெத் வாரன் கேட்டார். ‘பொறுப்பேற்கிறேன்’ என்ற சொல்லுக்கும் கணக்குக் கொடுப்பதற்கும் உள்ள தூரம் அந்த மூன்று கேள்விகளில் இருந்தது. சில நாள்களில் 4 கோடியே 10 லட்சம் டாலர் மதிப்புள்ள பங்குகளை அவர் விட்டுக்கொடுக்க நேர்ந்தது. அக்டோபரில் பதவி விலகினார். 2020இல் அவருக்கு 1 கோடியே 75 லட்சம் டாலர் அபராதமும் வங்கித் தொழிலில் வாழ்நாள் தடையும் வந்தன. கிளைப் பிரிவின் தலைவராக இருந்த கேரி டோல்ஸ்டெட், அரசு ஆய்வாளர்களின் பணிக்கு இடையூறு செய்த குற்றத்தை 2023இல் ஒப்புக்கொண்டு மூன்றாண்டு நன்னடத்தைக் கண்காணிப்புத் தண்டனை பெற்றார். வங்கி 2020இல் 300 கோடி டாலர் கட்டியது. அதன் வளர்ச்சிக்கு 2018இல் மத்திய வங்கி போட்ட வரம்பு 2025 ஜூனில்தான் நீக்கப்பட்டது. கீழே இருந்தவர்கள் முதலில் கணக்குக் கொடுத்தார்கள், மேலே இருந்தவர்கள் ஆண்டுகள் கழித்து.

இதைப் படிக்கும்போது எங்கோ ஒரு வங்கியின் கதை என்று நாம் நினைத்துவிட வேண்டாம். நம் திருஅவையும் வேலை கொடுக்கும் ஒரு நிறுவனமே. பள்ளிகள், கல்லூரிகள், மருத்துவமனைகள் என்று எத்தனையோ பேர் நம்மிடம் ஊதியம் பெறுகிறார்கள். மே மாத வெயிலில் மாணவர் சேர்க்கைக்காக ஆசிரியர்கள் வீடு வீடாகச் செல்லும் ஊர்கள் நமக்குத் தெரியும். அவர்கள் கையிலும் ஓர் எண் கொடுக்கப்படுகிறது. அந்த எண் சரியா, அதற்காக எதையெல்லாம் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்க வேண்டியிருக்கிறது என்று அந்த ஆசிரியர் யாரிடம் சொல்வார்? தாளாளரிடம் சொல்லலாம். பல இடங்களில் தாளாளர்தான் பங்குத்தந்தை. அவர் வீட்டுத் திருமணத்தை நடத்துபவரும், அவருடைய பாவ அறிக்கையைக் கேட்பவரும் அவரே. அப்படிப்பட்டவருக்கு எதிராக ஒரு குறையைச் சொல்ல எவ்வளவு துணிவு வேண்டும் என்பதைக் குருக்களாகிய நாம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

நம் பள்ளிகளிலும் மருத்துவமனைகளிலும் தாளாளருக்கோ நிர்வாகிக்கோ கட்டுப்படாத மூன்று நான்கு பேர் கொண்ட ஒரு சிறு குழு இருக்கலாம். அதில் பொதுநிலையினரே பெரும்பான்மையாக இருக்கட்டும், ஒருவராவது பெண்ணாக இருக்கட்டும். ஊழியர் சொல்லும் குறையை அவர்கள் கேட்டு, குறித்த நாள்களுக்குள் எழுத்தில் பதில் தரட்டும். ஆண்டுக்கு ஒரு முறை, எத்தனை குறைகள் வந்தன, எத்தனை தீர்ந்தன என்று ஊழியர்கள் அனைவரும் கூடியிருக்கும்போது நிர்வாகி எழுந்து நின்று வாசிக்கட்டும். வருகிற கல்வியாண்டுத் தொடக்கத்திலேயே இதை ஆரம்பிக்கலாம்.