ஏ.சி.யில் கியாஸ் தீர்ந்து போகுமா?

கத்திரி வெயில் கொளுத்துகிறது. ஏ.சி. ஓடுகிறது. ஆனால், அறை குளிரவில்லை!

புதுச்சேரிக்குத் தெற்கே, ஆற்றுப் பாலத்தைத் தாண்டினால் அரியாங்குப்பம். அதற்குக் கிழக்கே வீராம்பட்டினம். அப்பால் கடல். கடல் பக்கத்தில் ஏ.சி. வைத்திருப்பவர்களுக்கு இந்தத் தொல்லை புதிது அல்ல.

மெக்கானிக் வருகிறார். வெளியே இருக்கும் பெட்டியில் மீட்டரை மாட்டிப் பார்க்கிறார்.

"கியாஸ் தீர்ந்து போச்சு, அக்கா! நிரப்பினால் சரியாகிவிடும்" என்கிறார்.

பணம் கை மாறுகிறது. அறை குளிர்கிறது. அடுத்த கோடையில் மறுபடியும் அதே பேச்சு, அதே செலவு! ஒரு தடவைக்கு 3 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 3 கோடைக்கு 9 ஆயிரம் ரூபாய் ஆகிறது.

கிணற்று வாளி

உண்மையில் கியாஸ் தீருமா? தீராது!

அடுப்பில் சமையல் கியாஸ் எரிந்து தீரும். ஏ.சி. எந்திரம் கியாசை எரிப்பது இல்லை. மூடிய குழாய்க்குள் அது சுற்றிச் சுற்றி வருகிறது. அறையில் உள்ள வெப்பத்தை எடுத்துக்கொண்டு, வெளியே உள்ள பெட்டிக்குப் போகிறது. அங்கே வெப்பத்தை விட்டுவிட்டுத் திரும்புகிறது.

கிணற்று வாளியை நினைத்துக் கொள்ளுங்கள். எத்தனை தடவை தண்ணீர் இறைத்தாலும் வாளி தீர்ந்து போகிறதா? கியாசும் அப்படித்தான். அது குறைந்தால், எங்கோ ஓட்டை இருக்கிறது என்று அர்த்தம்!

உப்புக் காற்று

ஓட்டை எப்படி விழுகிறது?

வெளிப்பெட்டிக்குள் செம்புக் குழாய்கள் உண்டு. அவற்றைச் சுற்றி மெல்லிய அலுமினியத் தகடுகள் இருக்கும். கடல் காற்றில் வரும் உப்பு, ஈரத்தோடு அவற்றின் மீது படிகிறது. இரண்டு வேறு உலோகங்கள் ஒட்டியிருக்கும் இடத்தில் உப்பு நீர் பட்டால், அரிப்பு வேகமாக நடக்கும். முதலில் அலுமினியத் தகடு பொடிப்பொடியாக உதிரும். வெப்பம் வெளியேற முடியாமல் எந்திரம் திணறும். மின்சாரக் கட்டணம் ஏறும். நாளடைவில் குழாயிலும், இணைப்புகளிலும் ஊசி முனை அளவு ஓட்டை விழும். கியாஸ் கசியும்.

ஓட்டையை அடைக்காமல் கியாஸ் நிரப்புவது, ஓட்டை வாளியில் தண்ணீர் இறைப்பது போலத்தான்!

மெக்கானிக்குகள் எல்லோரையும் குறை சொல்ல முடியாது. கோடையில் பல வீடுகளுக்கு ஓட வேண்டும். ஓட்டையைக் கண்டுபிடிக்க நேரம் ஆகும். வீட்டுக்காரரோ, "சீக்கிரம் முடி, தம்பி!" என்று அவசரப்படுத்துகிறார்.

என்ன கேட்க வேண்டும்?

பணம் கொடுப்பதற்கு முன், "எந்த இடத்தில் கசிகிறது?" என்று கேளுங்கள்.

குழாயில் நைட்ரஜனை அழுத்தமாக ஏற்றி, சோப்பு நுரை தடவினால், ஓட்டை உள்ள இடத்தில் குமிழி வரும். அதை அடைத்த பிறகு, பம்பு வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி எடுக்க வேண்டும். அப்புறம்தான் கியாஸ்!

எத்தனை கிராம் கியாஸ் வேண்டும் என்பது எந்திரத்தில் ஒட்டியுள்ள தகட்டிலேயே எழுதியிருக்கும். தராசில் நிறுத்துப் போடச் சொல்லுங்கள்.

இப்போது பல ஏ.சி.களில் இருக்கும் ஆர்-32 என்ற கியாஸ் தீப்பற்றக் கூடியது. ஆகவே, வேலை நடக்கும் இடத்தில் பீடி, சிகரெட் கூடாது.

குளிர் குறைந்தால் எல்லாமே கியாஸ் கோளாறு அல்ல. வடிகட்டியில் தூசி அடைத்தாலும் குளிராது. அதை வீட்டிலேயே கழுவலாம். காசு செலவு இல்லை!

பில் எங்கே?

செய்த வேலைக்கு பில் வாங்குங்கள். பில் தர மறுப்பது, 2019-ம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். குறை இருந்தால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்து சொல்லலாம். கொடுத்த தொகை 5 லட்சம் ரூபாய் வரை என்றால், நுகர்வோர் கமிஷனில் வழக்குப் போடக் கட்டணம் கிடையாது.

வாரண்டி அட்டையையும் எடுத்துப் பாருங்கள். கம்ப்ரசருக்குப் பல ஆண்டு வாரண்டி என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். குழாய்க்கும் கியாசுக்கும் எத்தனை ஆண்டு என்பதைத்தான் கடலோரத்தில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டும்.

இன்னொன்று. கத்திரி வரும்வரை காத்திருக்காதீர்கள். மாசி மகத் தீர்த்தவாரி முடிந்ததும் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். அப்போது அவருக்கு நேரம் இருக்கும். வெளிப்பெட்டியில் படிந்த உப்பை நல்ல தண்ணீரால் கழுவி விடுவார். ஓட்டை இருந்தால், நிதானமாகத் தேடிப் பிடித்து அடைப்பார்.