குடலுக்கும் நேரம் பழகும்

வயிற்றின் இடப்பக்கம், தொப்புளுக்குச் சற்றுக் கீழே, குடலின் முனை வெளியே தெரிகிறது. நல்ல சிவப்பு, கன்னத்தின் உட்புறம் போன்ற ஈரப் பளபளப்பு. இதுதான் ஸ்டோமா. புற்றுநோயால் மலக்குடலையும் ஆசனவாயையும் இழந்தவர்களுக்கு மலம் வெளியேற அறுவை மருத்துவர் அமைத்துத் தரும் வழி. பெருங்குடலில் அமைத்தால் அதற்குக் கொலோஸ்டமி என்று பெயர். துடைக்கும்போது ஒரு துளி ரத்தம் கசிந்தால் மலம் சேரும் பையைப் புதிதாகக் கட்டியவர் பதறிப்போவார். அந்தச் சவ்வில் நுண்ணிய ரத்தக் குழாய்கள் அதிகம் என்பதால் வரும் கசிவு அது, வலி இருக்காது. வெட்டினாலும் உணராத அதே குடல், உள்ளே சற்று உப்பினால் மட்டும் உடனே உணர்ந்துவிடும். உணர்ந்ததும் சுருங்கத் தொடங்கும். கொலோஸ்டமியோடு வாழ்பவருக்கு இந்தக் குணம் பெரிய வரம்.

ஸ்டோமாவுக்கு மூடித் திறக்கும் வளையத் தசை கிடையாது. எந்த நேரத்தில் மலம் வருமோ என்ற கவலையிலேயே பலர் கல்யாணத்துக்குப் போவதையும் பஸ் ஏறுவதையும் விட்டுவிடுகிறார்கள். ஆனால் பெருங்குடல் ஓயாமல் தள்ளிக்கொண்டிருப்பதில்லை. பெரும்பாலான நேரம் மெல்லக் கலக்கி நீரை உறிஞ்சுகிறது. நாளில் சில முறைதான், முக்கியமாகச் சாப்பிட்ட பிறகு, பலமான அலையாகச் சுருங்கி மலத்தை மொத்தமாக நகர்த்துகிறது. அந்த அலையை நமக்கு வசதியான நேரத்தில் எழுப்புவதுதான் இரிகேஷன்.

கழிப்பறையில் உட்கார்ந்து, தோள் உயரத்தில் தண்ணீர்ப் பையை மாட்டிக்கொள்ள வேண்டும். உடல் சூட்டில் இருக்கும் குடிநீர், அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் வரை. குழாயின் நுனியில் மிருதுவான கூம்பு ஒன்று இருக்கும். தண்ணீர் திரும்பி வழியாமல் அது அடைத்துக்கொள்ளும். ஆழமாகப் போய்க் குடலைக் குத்தாது. ஐந்து முதல் பத்து நிமிடத்தில் நீர் உள்ளே போய்விடும். வயிறு முறுக்கினால் குழாயை மூடி, அடங்கியபின் தொடரலாம். குடல் விரிகிறது, அலை எழுகிறது. நீளமான பை வழியாக எல்லாம் கழிப்பறைக்குள் இறங்குகிறது. முழுதாக வடிய முக்கால் மணி நேரம் வரை ஆகலாம். பிறகு ஸ்டோமாமேல் ஒரு சிறு மூடி போதும். தினமும், அல்லது ஒருநாள் விட்டு ஒருநாள், அதே நேரத்தில் செய்துவந்தால் சில வாரங்களில் குடல் பழகிவிடும்.

எல்லோருக்கும் இது ஒத்துவராது. இடப்பக்கப் பெருங்குடலில், கெட்டியாக மலம் வரும் ஸ்டோமாவுக்குத்தான் பொருந்தும். சிறுகுடல் ஸ்டோமா, குரோன் நோய், கதிர்வீச்சில் புண்பட்ட குடல் உள்ளவர்களுக்குக் கூடாது. இதய, சிறுநீரக நோய் இருந்தால் மருத்துவர் சொல்லாமல் தொடவே வேண்டாம். முதல் சில முறை பயிற்சி பெற்ற நர்ஸ் கூடவே இருக்க வேண்டும்.

வயிற்றில் இப்படி வழி திறப்பது புதிதல்ல. பிரான்ஸின் பிரெஸ்ட் நகரில் 1793-இல், ஆசனவாய் திறப்பில்லாமல் பிறந்த ஒரு குழந்தைக்கு துரே என்ற மருத்துவர் பெருங்குடலை வயிற்றில் திறந்துவிட்டார். அந்தக் குழந்தை வளர்ந்து 45 வயது வரை வாழ்ந்தது. தோலில் ஒட்டும் பை அப்போது இல்லை. சகோதரி தோராவின் அவதியைக் கண்ட டென்மார்க் நர்ஸ் எலிசே சோரன்சன் அதை யோசித்தது 1954-இல்தான்.

பை வந்த பிறகும் ஒரு சிக்கல் மிஞ்சுகிறது. குடல் வெளியே வர வயிற்றுச் சுவரின் தசையில் துளை போட்டே ஆக வேண்டும். இருமல், முக்கல், பாரம் தூக்கல், பெருத்த வயிறு என எல்லா அழுத்தமும் அந்தப் பலவீனமான இடத்தில் போய் முட்டும். நாளடைவில் துளை அகன்று, அதன் வழியே உள்ளிருக்கும் குடல் பிதுங்கினால் அது ஹெர்னியா. ஐரோப்பிய ஹெர்னியா சங்கத்தின் வழிகாட்டுதல்படி முதல் ஆண்டில் 30 சதவீதத்துக்கு மேற்பட்டோருக்கும், இரண்டு ஆண்டுகளில் சுமார் 40 சதவீதத்தினருக்கும் இது வருகிறது. ஆகவே, ‘நான் சரியாகப் பார்த்துக்கொள்ளவில்லை’ என்று யாரும் தன்னையே நொந்துகொள்ள வேண்டியதில்லை. இருமும்போது ஸ்டோமாவைக் கையால் தாங்குவது, எடையைக் கட்டுக்குள் வைப்பது, புகைப்பதை நிறுத்துவது, மருத்துவர் சொன்னால் பெல்ட் அணிவது எல்லாம் உதவும். வீக்கம் தெரிந்தால் இரிகேஷனை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். வளைந்து கிடக்கும் குடலில் கூம்பை அழுத்துவது ஆபத்து.

அறுவைக்கு முன்பே, நீங்கள் உட்காரும்போது விழும் மடிப்பையும், சேலையோ வேட்டியோ கட்டும் இடத்தையும் பார்த்து ஸ்டோமாவுக்கு இடம் குறிக்கச் சொல்லிக் கேளுங்கள். அப்போதே இரிகேஷன் பற்றியும் கேளுங்கள். பின்னாளில் வீக்கத்தோடு கடும் வலி, வாந்தி, ஸ்டோமாவில் எதுவும் வராமை, அல்லது அது கறுத்துப்போதல் எதைக் கண்டாலும் விடியட்டும் என்று இருக்க வேண்டாம். அப்போதே மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.