இறுகிய கீலும் பிளந்த மூடியும்

வண்டி அச்சுக்கு மை இட மறந்தால் முதலில் எழுவது கிறீச்சென்ற ஒலி. சக்கரம் கெடுவது அதன் பின்னரே. ஒலியைக் கேட்டவுடன் வண்டியை நிறுத்துபவன் செலவினின்றும் தப்புகிறான். இன்று நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் புகுந்துவிட்ட மடிக்கணினிக்கும் இவ்வுண்மை முற்றிலும் பொருந்தும். தமிழக அரசு 2011-ஆம் ஆண்டில் மாணவ மாணவியர்க்கு விலையின்றி மடிக்கணினி வழங்கத் தொடங்கியது முதல், நெசவாளர் வீடுகளிலும் உழவர் வீடுகளிலும் இக்கருவி பழகிய பொருளாகிவிட்டது. உள்ளுறுப்புகள் யாவும் நன்றாக இருந்தும், திரையைத் தாங்கும் கீல் கெட்டு, மூடி பிளந்து, பரணில் கிடப்பவை சில. அவற்றுட் பலவற்றை வீட்டிலேயே செப்பனிடலாம் என்பதை எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

அண்மையில் ஒரு நெசவாளர் சங்கத்தின் கணக்குகளைப் பார்வையிடச் சென்றிருந்தேன். மாலையில் அங்கத்தினர் ஒருவர் துண்டில் சுற்றிய மடிக்கணினி ஒன்றைக் கொணர்ந்தார். அவருடைய மகள் கல்லூரியிற் பயில்கிறாள். சேலைக் கரைக்கு வேண்டிய பூவேலைகளை அக்கருவியிலேயே வரைந்து தந்தையின் தொழிலுக்கும் உதவுகிறாள். வலப்புறக் கீலின் அருகே மூடி வாய் பிளந்திருந்தது.

"ஐயா, இருமுறை பசை வைத்து ஒட்டினேன். முதல்முறை நான்கு நாள் நின்றது. மறுமுறை இரண்டு நாள்கூட நிற்கவில்லை. மேல்மூடி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கடையில் சொல்கிறார்கள். நெய்து பெறும் கூலியில் அதற்கு இடமில்லை" என்றார் அவர்.

"பசையின் மீது குற்றமில்லை, நோய் வேறிடத்தில் இருக்கிறது" என்றேன்.

மடிக்கணினியின் கீல் கதவின் கீலைப் போன்றதன்று. கதவு தடையின்றி ஆட வேண்டும். திரையோ நிறுத்திய இடத்தில் நிற்க வேண்டும். ஆதலின் இக்கீலின் தண்டில் சிறு சிறு எஃகு வளையங்களைக் கோத்து, அவற்றை ஒரு மரையினால் நெருக்கி வைத்திருப்பார்கள். அந்நெருக்கத்தால் உண்டாகும் உராய்வே திரையை நிறுத்துகிறது. காலம் செல்லச் செல்ல வளையங்களுக்கு இடையிலுள்ள மசகு உலர்ந்துவிடும். ஈரக் காற்றினால் துருவும் ஏறும். கீல் இறுகும். கீலைப் பிடித்திருக்கும் திருகாணிகளோ, பிளாஸ்டிக் மூடியில் பதித்த சின்னஞ்சிறு பித்தளை மரைகளில் முடுக்கப்பட்டவை. நாம் மூடியைத் திறக்கையில் எஃகு அசைய மறுக்கிறது. பிளாஸ்டிக் பிளந்து, பித்தளை மரை பெயர்ந்து வருகிறது.

இரு கீல்களையும் கழற்றி அவர் கையிலேயே கொடுத்தேன். நல்ல கீலும் விரலுக்குச் சற்று முரண்டவே செய்யும். ஆயினும் இடக்கீல் திரும்பியது. வலக்கீலோ குறடு கொண்டு திருகினாலன்றி அசையவில்லை. அவர் உடனே விளங்கிக்கொண்டார். "மிதிக்கட்டை இறுகினால் கயிறுதான் அறும். நான் கயிற்றை மட்டும் மாற்றிக்கொண்டிருந்தேன்" என்றார். இதைவிடத் தெளிவாக நான் கூறியிருக்க முடியாது.

நோயின் அறிகுறிகள் மூன்று. திறக்கும்போது நொறுநொறுவென்ற ஒலி எழுதல். கீலின் அருகே மூடியின் விளிம்பு மேலெழுந்து இடைவெளி தோன்றுதல். ஒருபுறம் முந்தியும் மறுபுறம் பிந்தியும் திறத்தல். இவற்றுள் ஒன்றைக் கண்டாலும் மூடித் திறப்பதை அன்றே நிறுத்துக. திறந்த நிலையிலேயே வைத்து வேலை செய்யலாம். வற்புறுத்தித் திறந்தால், கீலை ஒட்டிச் செல்லும் திரையின் கம்பிவடம் அறுபடும்; சில வேளை திரையே உடையும். அப்போது செலவு பன்மடங்காகும்.

செப்பனிடும் முறை வருமாறு. மின்னிணைப்பை நீக்கிக் கருவியை முழுவதும் அணைக்க வேண்டும். அடிப்புறத் திருகாணிகளைக் கழற்றி, ஒரு தாளில் கருவியின் உருவம் வரைந்து, அந்தந்த இடத்திலேயே வைக்க வேண்டும். அவை நீளத்தில் வேறுபடும். நீண்ட ஆணியைக் குறுகிய துளையில் முடுக்கினால் உள்ளிருக்கும் பலகை பழுதாகும். பழைய பிளாஸ்டிக் அட்டை ஒன்றை விளிம்பிற் செருகி மெல்ல நெகிழ்த்துக. திறந்தவுடன் செய்ய வேண்டிய முதற் காரியம் மின்கலத்தின் இணைப்பைக் கழற்றுவது. மின்கலம் உப்பியிருந்தால் அதை அழுத்தவோ குத்தவோ கூடாது. வேலையை அவ்வளவில் நிறுத்தி, பழகியவரிடம் ஒப்படைக்க வேண்டும். மூடி பிளந்ததற்கு அவ்வுப்பலே காரணமாகவும் இருக்கலாம்.

அடுத்துக் கீலைக் கழற்றி, தண்டின் முனையிலுள்ள மரையைக் கால் சுற்றுக்கு மிகாமல் நெகிழ்த்துக. ஊசி முனையால் தையல் எந்திர எண்ணெய் ஒரு துளி இட்டு, பத்து முறை முன்னும் பின்னும் திருப்பி, மிகுதியைத் துடைத்துவிடுக. போதாதாயின் மீண்டும் சிறிது நெகிழ்த்தலாம். அளவு மீறினால் திரை நிற்காமல் சாயும். சில கீல்களில் மரைக்குப் பதில் தறைந்த முனையே இருக்கும். எண்ணெயிட்டும் இளகாவிடில் கீலை மட்டும் புதிதாக வாங்கி மாற்றுவதே வழி. எண்ணெய் பிளாஸ்டிக்கில் படலாகாது. பட்ட இடத்தில் பசை பிடியாது.

கீல் இளகிய பின்னரே ஒட்டுவேலைக்கு வர வேண்டும். நொடியில் ஒட்டும் பசை கெட்டியாயினும் நொறுங்கும் இயல்புடையது, இங்கு உதவாது. இரண்டு குழாய்களினின்றும் எடுத்துக் கலக்கும் எபாக்சிப் பசையே ஏற்றது. உடைந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்துச் சொரசொரப்பாக்கி, ஸ்பிரிட் தோய்த்த துணியால் துடைத்து உலரவிடுக. பெயர்ந்த பித்தளை மரையைக் கீலுடனேயே திருகாணியால் பொருத்தி, உரிய இடத்தில் வைத்து, சுற்றிலும் பசையை நிரப்புக. திருகாணியின் புரியில் சிறிது வாசலின் தடவினால் பசை அதைப் பற்றாது. பின்னர் 24 மணி நேரம் அசைக்காது விட வேண்டும். இதில் அவசரம் காட்டினால் முயற்சி முழுவதும் வீண்.

எனக்கு அவ்வூரில் வேலை மேலும் இரண்டு நாள் இருந்தது. மறுநாள் அந்தி சாய்ந்த பின், தந்தையும் மகளும் கருவியை மீண்டும் பூட்டினார்கள். நான் அருகிருந்து பார்த்தேனேயன்றித் தொடவில்லை. அப்பெண் மூடியைத் திறந்தாள். ஒலியில்லை, பிளவில்லை, திரை நிறுத்திய இடத்தில் நின்றது. முடியாதிருந்த கரைச் சித்திரம் ஒன்றை அவள் உடனே எடுத்து வரையலானாள்.

செலவு பசைக்கும் சிறு திருப்புளிகளுக்கும் ஆனதே. அத்திருப்புளிகளைத் தம் வீட்டில் வைத்துக்கொள்ளாமல் சங்க அலுவலகத்திற் கொடுத்துவிட்டார் அவர், பிறருக்கும் பயன்படுமல்லவா? அங்கத்தினர்களுக்கு நான் கூறுவது இதுவே: மூடியை ஒரு மூலையைப் பிடித்து இழுக்காமல், நடுவிற் பிடித்து மெல்லத் திறக்கப் பழகுங்கள். ஒட்டுமுன் இளக்குங்கள். கிறீச்சென்ற முதல் ஒலிக்கே செவி சாயுங்கள்.